சூடானால் நிற்கும் ஆம்னி

கேள்வி: 1998ம் வருஷத்து ஆம்னி, கார்புரேட்டர் வண்டி. மீஞ்சூர் பக்கம் குத்தகை நிலத்தில் கீரை அறுத்து, விடிவதற்குள் திருவொற்றியூர் சேர்ப்பதற்கு இந்த வண்டிதான் ஆதாரம். புறப்படும்போது ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. அரைமணி நேரம் ஓடியதும், சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் நின்றுவிடுகிறது. முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே நன்றாக ஓடுகிறது. பிளக், காயில், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றி ஏழாயிரம் ரூபாய் போய்விட்டது. வண்டியைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா?

– வாசகர், மணலி புதுநகர்.

பதில்: காயலான் கடை வேண்டாம். கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ‘சாவியைத் திருப்பி அணைத்ததுபோல்’ என்று எழுதியிருக்கிறாரே, அதுதான் முக்கியமான தடயம்.

டீசல் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்துப் பழகிய விவசாயிகளுக்குப் பெட்ரோல் வண்டி நின்றால் முதலில் எண்ணெய் பக்கம்தான் கை போகும். டீசல் இன்ஜினில் பிளக்கும் கிடையாது, தீப்பொறியும் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதனால் அதில் எண்ணெய், காற்று இரண்டையும் பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். பெட்ரோல் இன்ஜினில் மூன்றாவதாகத் தீப்பொறி ஒன்று சரியான நேரத்தில் விழ வேண்டும். ஆம்னியில் 3 சிலிண்டர். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நிமிடத்துக்கு 4,500 பொறி. அதாவது ஒரு விநாடிக்கு 75.

பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி முன்கூட்டியே சொல்லிவிடும். இழுவை குறையும், குலுங்கும், விக்கி விக்கிக் கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும். ஸ்பார்க் அறுந்தால் அந்த முன்னறிவிப்பெல்லாம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று நின்றுவிடும். சூடானால் நின்று, ஆறினால் ஓடுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப் காயில், இக்னிஷன் மாட்யூல். சில கடைகளில் இந்த மாட்யூலையே இக்னைட்டர் என்பார்கள். வாசகர் காயிலை மாற்றிவிட்டார். மீதி இரண்டில் மாட்யூல் மேல்தான் சந்தேகம் அதிகம். ஆனால் சந்தேகத்தை நம்பிப் பொருள் வாங்கக் கூடாது. ஏழாயிரம் ரூபாய் போனதே அந்த வழியில்தான்.

மாட்யூல் செய்வது ஒரு சுவிட்சின் வேலை. பேட்டரியின் 12 வோல்ட் கரண்ட் காயிலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சரியான நொடியில் வெடுக்கென்று நிறுத்தினால், காயிலின் இன்னொரு சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும். அதுதான் பிளக்கில் பொறியாக விழுகிறது. இந்த முறையை 1910 வாக்கில் காருக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் காலத்திலிருந்து அறுபது எழுபது வருஷம் அந்தச் சுவிட்ச் வேலையைச் செய்தது ‘பாயிண்ட்’. பழைய அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பாயிண்ட் கருகும், தேயும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடைவெளி வைத்து மறுபடி ஓட்டுவார்கள். பிறகு பாயிண்ட்டை எடுத்துவிட்டு டிரான்சிஸ்டர் வைத்த மாட்யூல் வந்தது. தேய்மானம் கிடையாது, இடைவெளி வைக்கத் தேவையில்லை. ஆனால் பாயிண்ட் கெடும்போது கண்ணுக்குத் தெரியும். மாட்யூல் வெளியே புதிதுபோலவே இருந்துகொண்டு உள்ளே கெட்டிருக்கும்.

அதற்குப் பகை சூடு. உள்ளே இருக்கும் நுண்ணிய இணைப்புகள் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும். வருஷக்கணக்கில் இப்படி விரிந்து சுருங்கியதில் எங்கோ ஒரு மயிரிழை விரிசல் விழும். சூட்டில் விரிசல் விலகினால் கரண்ட் அறுந்துபோகும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். முக்கால் மணி நேரத்தில் வண்டி ‘தானாக’ ஸ்டார்ட் ஆவதன் ரகசியம் இதுதான்.

இது ஊர் மெக்கானிக்கை மட்டும் ஏமாற்றிய கோளாறும் அல்ல. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1980களில் இந்த மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே பொருத்தியது. இன்ஜின் சூடு நேராக அதில் ஏறி, ஓடும் வண்டி நடுரோட்டில் நிற்கிறது என்று வழக்குப் போனது. 2000ம் ஆண்டு கலிபோர்னியா நீதிபதி ஒருவர், அந்த மாகாணத்தில் விற்ற சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிட்டார். அடுத்த வருஷம் சமரசம் ஆனது. அங்கேயும் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதேதான். பரிசோதனைக்கு வரும்போது வண்டி ஆறிப்போய் நன்றாக ஓடும்.

ஆம்னியில் இன்னொரு சங்கடம். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. டி.பி.பி. சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து போகும்போது காற்றோட்டம் கிடையாது. சீட்டுக்கு அடியில் சூடு தங்கிவிடும். வேகமாக ஓடும் நாளில் எம்.எஃப்.எல். சந்திப்பு தாண்டியும் நிற்காத வண்டி, நெரிசல் நாளில் ஆண்டார்குப்பம் தாண்டுவதற்குள் நிற்கிறதா என்று வாசகர் கவனித்துப் பார்க்கலாம். அப்படியானால் கிலோமீட்டருக்கும் கோளாறுக்கும் சம்பந்தமில்லை, சூடுதான் காரணம் என்று உறுதியாகிவிடும்.

ஆகவே சோதனை செய்ய வேண்டிய இடம் பட்டறை அல்ல, வண்டி நின்ற இடம். நேரமும் அப்போதுதான். ஆறிவிட்டால் சாட்சி போய்விடும். அதற்கு வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: நல்ல நிலையில் ஒரு பழைய பிளக், இரண்டு பக்கமும் கிளிப் வைத்த ஒரு முழ ஒயர், 12 வோல்ட் சின்ன பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு துணி. டார்ச்சும் வேண்டும். தீப்பெட்டி வெளிச்சத்தில் யாரும் சீட்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. பெட்ரோல் ஆவி இருக்கும் இடம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. வாசகரின் வீட்டம்மாவும் கூடவே வருகிறார் என்று கடிதத்தில் இருக்கிறது. இருட்டு நேரம், கன்டெய்னர் லாரி ஓடும் சாலை. நின்ற வண்டிக்குப் பின்னால் நின்று தள்ளுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான காரியம். நான்கு விளக்கும் ஒன்றாக மின்னும் சுவிட்சை முதலில் போட்டுவிட்டு, வண்டி உருளும் வேகத்திலேயே இடது ஓரம் சாலையை விட்டு இறக்கிவிட வேண்டும். முக்கோணப் பலகையை ஐம்பது அடிக்கு அப்பால் பின்னால் வைக்கவும். ஆட்கள் சாலையோரம் வண்டிக்கு இடப்பக்கம் நிற்கட்டும். ஓரம் இறக்க இடமே இல்லாத இடத்தில் நின்றுவிட்டால் சோதனையெல்லாம் அன்றைக்கு வேண்டாம். கீரை போனால் போகட்டும்.

பத்திரமான இடம் கிடைத்தபின் பார்க்க வேண்டியது இப்படி:

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறக்கவும். ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் கோளாறு மூடியின் காற்றுத் துளையில். மாட்யூலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செலவும் இல்லை. இப்படி ஒரு சின்னத் துளை அடைத்ததற்குப் பம்ப் மாற்றியவர்கள் உண்டு.

அடுத்து ஸ்பார்க். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, கையில் இருக்கும் பழைய பிளக்கில் மாட்டவும். அந்த பிளக்கின் இரும்பு உடம்பைக் கிளிப் ஒயரால் இன்ஜின் இரும்போடு சேர்த்து, கார்புரேட்டருக்கு எட்டத்தில் வைத்துவிட்டு, கையை எடுத்தபின் இன்னொருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். நீல நிறத்தில் ‘டிக் டிக்’ என்று பொறி விழுந்தால் ஸ்பார்க் நன்றாக இருக்கிறது, பெட்ரோல் பக்கம் போகலாம். பொறியே இல்லை, அல்லது மஞ்சளாய் மங்கலாக விழுகிறது என்றால் கோளாறு மின்சாரப் பக்கம். சிலர் ஒயரை வெறுமனே காற்றில் தொங்கவிட்டு செல்ஃப் அடிப்பார்கள். கூடாது. பொறி இறங்க வழியில்லாமல் அந்த மின்னழுத்தம் மாட்யூலையும் காயிலையுமே தாக்கும். கையில் பிடித்துப் பார்ப்பது அதைவிட முட்டாள்தனம். இதய நோயாளிகளுக்கு உயிருக்கே ஆபத்து.

பொறி இல்லை என்றால் டெஸ்ட் லேம்ப். ஒரு முனையை இன்ஜின் இரும்பில் மாட்டி, சாவியை ஆன் செய்து, மறுமுனையைக் காயிலின் பிளஸ் முனையில் வைக்கவும். பல்பு எரிய வேண்டும். எரியவில்லையானால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், நடுவில் உள்ள ஒயர் இவற்றைப் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் சாவி சுவிட்சும் சூட்டில் மக்கர் செய்யும். எரிந்தால், மறுமுனையைக் காயிலின் மைனஸுக்கு மாற்றி, செல்ஃப் அடிக்கச் சொல்லவும். இப்போது பல்பு மினுக்கு மினுக்கென்று துடிக்க வேண்டும். அந்தத் துடிப்புதான் மாட்யூல் சுவிட்ச் போட்டு அணைப்பதன் அடையாளம்.

துடிக்கிறது, ஆனால் பிளக்கில் பொறி இல்லை: காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், பிளக் ஒயர் இவற்றில் ஒன்று. துடிக்காமல் நிலையாக எரிகிறது: மாட்யூல் வேலை செய்யவில்லை, அல்லது அதற்குப் பிக்கப் காயிலிலிருந்து சேதி வரவில்லை. மைனஸில் எரியவே இல்லை என்றால் காயிலின் உள்சுற்று அறுந்திருக்கலாம், இல்லை மாட்யூல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி எப்போதும் எர்த் ஆகியிருக்கலாம்.

கடைசியாக ஈரத்துணி. தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, மாட்யூலின் உலோக முதுகில் மட்டும் ஐந்து நிமிடம் வைத்து எடுக்கவும். ஒயர் மாட்டும் சாக்கெட்டில் தண்ணீர் படக் கூடாது. உடனே பொறி திரும்பி வந்துவிட்டால், அதைவிட நல்ல சாட்சி எந்த ஸ்கேனரிலும் கிடைக்காது. பட்டறையில் இதையே தலைகீழாகச் செய்து காட்டலாம். ஓடும் இன்ஜினில் தலைமுடி உலர்த்தும் டிரையரால் மாட்யூலைச் சூடாக்கினால் வண்டி நின்றுவிடும். இதை மெக்கானிக் கண்ணெதிரே செய்யச் சொல்லிவிட்டுத்தான் புது மாட்யூலுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

பிக்கப் காயிலை மறந்துவிடக் கூடாது. அதன் மெல்லிய ஒயர்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அசைந்து அசைந்து, மேல் உறை முழுசாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒயரை லேசாக ஆட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். முள்ளோ எண்ணோ குதித்தால் குற்றவாளி அதுதான். மாட்யூல் மாற்றியும் தீரவில்லை என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் யாரும் இந்த ஒயரை ஆட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு குறிப்பு. ஈரத்திலும் பனியிலும் ஸ்டார்ட் ஆகாமல், சூடேறினால் நன்றாக ஓடும் வண்டி வேறு ரகம். அதற்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல் அல்லது பிளக் ஒயரில் கசிவு. இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் நீலமாய்ப் பொறி ஓடுவது தெரியும்.

சரி, மாட்யூல்தான் என்று உறுதியாகிவிட்டது. புதிதாக வாங்குவதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடைகள் இருக்கின்றன. புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும். கதவு, சீட்டு, பம்பர் எல்லாம் புதுப்பேட்டையில் தாராளமாக வாங்கலாம். மாட்யூல் மட்டும் வேண்டாம். எந்த வண்டியில் எத்தனை வருஷம் சூட்டில் வெந்தது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மின்சாரப் பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுப்பதும் அரிது. பழைய மாட்யூலைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போய், எண்ணும் ஒயர் சாக்கெட்டும் ஒத்துப்பார்த்து வாங்கவும்.

பொருத்தும்போது செய்யும் தவறால்தான் புது மாட்யூலும் ஆறே மாதத்தில் போகிறது. மாட்யூலின் முதுகுக்கும் அது உட்காரும் உலோகத்துக்கும் நடுவே வெள்ளைப் பசை ஒன்று தடவ வேண்டும். ஹீட் சிங்க் காம்பவுண்ட் என்று கேட்டால் ரிச்சி தெருவில் சின்னக் குப்பியில் கிடைக்கும். மாட்யூலின் சூட்டை உலோகத்துக்குக் கடத்துவது அந்தப் பசைதான். பழைய பசை காய்ந்து தூளாகியிருக்கும். சுரண்டித் துடைத்துவிட்டு, மெல்லிய படலமாகப் பூசினால் போதும். கேஸ்கெட் ஒட்டும் பசையைத் தடவுகிறவர்களும் உண்டு. அது சூட்டைக் கடத்தாது, உள்ளேயே பூட்டி வைக்கும்.

எர்த் ஒயரையும் பார்க்க வேண்டும். எண்ணூர்க் கரையோரம் உப்புக் காற்று. போதாததற்கு 2021 நவம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் மணலி புதுநகர் தெருக்களில் நின்றது. அப்போது தண்ணீரில் நின்ற வண்டி என்றால் ஒயர் சாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும், பச்சைப் பூஞ்சைபோல் செம்புக் களிம்பு ஏறியிருக்கும். எர்த் சரியில்லையானால் நல்ல மாட்யூலும் திணறும். துருவைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் அடுத்த மழைக்குத் தாங்கும்.

வாசகர் மாற்றிய புதுக் காயிலையும் ஒருமுறை அளக்கச் சொல்ல வேண்டும். பாயிண்ட் வண்டிக்கான காயிலை மாட்யூல் வண்டியில் மாட்டிவிடுவது நடக்கிற காரியம். உள்சுற்றின் ஓம் குறைவாக இருந்தால் மாட்யூல் வழியே அளவுக்கு மீறிய கரண்ட் ஓடி, அதைச் சீக்கிரம் சுட்டுவிடும். கையேட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்க்கவும். பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தாலும் சுமை கூடும். கேஸ் கிட் போட்ட ஆம்னிகளில் கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்ட் தேவைப்படுவதால், பிளக்கை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அந்தச் சாலையில் இன்னொரு ஆபத்து, உதவிக்கு வரும் நல்ல மனசுக்காரர்கள். பேட்டரி இறங்கிவிட்டால் லாரி டிரைவர் யாராவது கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து தருகிறேன் என்பார். கன்டெய்னர் லாரியில் இருப்பது 24 வோல்ட். ஆம்னிக்கு 12. ஒரு விநாடி போதும், மாட்யூலோடு வேறு சிலதும் சேர்ந்து போய்விடும். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, இன்னொரு காரின் பேட்டரிக்குக் காத்திருப்பது மேல். ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பதும், பேட்டரியைக் கழற்றாமல் வண்டியில் வெல்டிங் வைப்பதும் இதே கதைதான்.

புது வண்டிகளுக்கு இந்தக் குறிப்புகள் அப்படியே பொருந்தாது. அவற்றில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. கம்ப்யூட்டரும் சென்சாரும் அந்த வேலையைச் செய்கின்றன. பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்காமல், ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போவது நல்லது.

வண்டி நின்ற நேரத்தில் கீரையை என்ன செய்வது என்பதும் இருக்கிறது. அறுத்த பிறகும் கீரை மூச்சுவிடும், அதில் சூடு உண்டாகும். இன்ஜின் சூடு தங்கும் வேனில் கட்டுகளை அடுக்கி மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் நடுக்கட்டு வெதுவெதுப்பாகி, சந்தையில் பிரிக்கும்போது மஞ்சளாய்க் காட்டும். வண்டி நின்றதும் பின்கதவையும் பக்கக் கதவையும் திறந்துவிட்டு, கட்டுகளை வேர் கீழாக நிமிர்த்தி வைத்து, நனைத்த சாக்கை மேலே போடவும். தண்ணீரைக் கட்டுக்குள் ஊற்ற வேண்டாம், அழுகிவிடும். முன் சீட்டை ஒட்டிக் கீரை அடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடலாம்.

கேள்வி: இரண்டு வருஷம் முன் வாங்கிய பெட்ரோல் பவர் ஸ்பிரேயர் கயிறு இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக் புதிது. பெட்ரோல் பிளக் வரை வருகிறது. கடையில் காயில் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

– வாசகி, பொன்னேரி.

பதில்: இதில் பேட்டரி கிடையாது. சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தம் காயிலைக் கடந்துபோகும்போதுதான் கரண்ட் பிறக்கிறது. காயிலும் மாட்யூலும் பெரும்பாலும் ஒரே கட்டியாக இருக்கும். அதை மாற்றுவதற்கு முன், ஸ்டாப் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் காயில் பக்கம் கழற்றிவிட்டு, பிளக்கை இன்ஜின் உடம்போடு கிளிப் வைத்துச் சேர்த்து, கயிற்றை இழுத்துப் பார்க்கவும். மருந்துத் தண்ணீர் வழிந்து சுவிட்ச் துருப்பிடித்தோ, அந்த ஒயரின் உறை உரிந்தோ உடம்போடு ஒட்டிக்கொண்டால், இயந்திரம் எப்போதும் ‘ஸ்டாப்’ நிலையிலேயே இருக்கும். கழற்றியதும் பொறி வந்தால் காயில் நன்றாக இருக்கிறது, சுவிட்சை மட்டும் மாற்றவும். அதுவரை அந்த ஒயரைக் கழற்றிய நிலையில் வயலுக்கு எடுத்துப்போகக் கூடாது, அவசரத்துக்கு அணைக்க முடியாது.

அப்போதும் பொறி வரவில்லையானால் சக்கரத்துக்கும் காயிலுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கவும். விசிட்டிங் கார்டு ஒன்று இறுக்கமாக நுழைந்து வெளிவரும் அளவு இருந்தால் சரி. காந்தத்தில் துரு இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, காயிலின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, கார்டை நடுவில் வைத்து, காந்தம் காயிலை இழுத்துப் பிடித்த நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டுக் கார்டை உருவவும். இதற்குப் பிறகும் பொறி இல்லையென்றால் கடைக்காரர் சொன்னது சரி, காயிலை மாற்றலாம்.